தலையணை ஊரில் தூக்கத்தைத் தேடி... பொட்டிபுரம் மலையடியில் ஓர் இரவு!

போடிநாயக்கனூருக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் குறைவு. ஏலக்காய் ஒரு பொட்டலம், காபித்தூள் ஒரு பாக்கெட், கூடவே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓர் இலவம்பஞ்சுத் தலையணை. மலையடிவாரத்தில் காய்த்து வெடிக்கும் இலவம்பஞ்சு, இந்த ஊரில் மெத்தையாகவும் தலையணையாகவும் மாறி வெளியூர்களுக்கெல்லாம் போகிறது. ஊருக்கெல்லாம் தூக்கத்தை ஏற்றுமதி செய்கிற ஊர் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். அந்த ஊரில்தான் நான் ஓர் இரவு முழுக்கக் கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தேன்.

போனது ஏலக்காய்க்காக. போடியில் நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் இருக்கிறது. அதைப் பற்றி ஒரு வீடியோ எடுத்துவரச் சொல்லி அலுவலகத்தில் அனுப்பினார்கள். 2010 கடைசியில் நின்றுபோன மதுரை - போடி ரயில், அகலப்பாதையாகி 2023 ஜூனில் திரும்ப வந்துவிட்டது. சென்னையில் இரவு ஏறினால் காலையில் போடி. அந்த ரயிலில் அடித்துப் போட்டதுபோலத் தூங்கினேன். பல வாரங்களுக்குப் பிறகு கிடைத்த நல்ல தூக்கம் அது. சென்னையில் என் அறை ஜன்னலுக்கு நேராக ஒரு தெருவிளக்கு நிற்கிறது. முன்பு மஞ்சளாக மினுங்கிக்கொண்டிருந்த அந்தக் கம்பத்தில் வெள்ளை எல்.இ.டி மாட்டிய நாளிலிருந்து, நள்ளிரவில்கூட சுவரில் தொங்கும் காலண்டரில் ராகுகாலம் பார்க்கலாம்!

சரி, போடியிலாவது தூங்கலாம் என்று பார்த்தால், தங்கிய லாட்ஜுக்கு எதிரே ஒரு விளம்பரப் பலகை. பச்சை, சிவப்பு, வெள்ளை என்று மாறி மாறி அறைக்குள் வந்து போனது. திரைச்சீலை வலைபோல இருந்தது. துண்டை மடித்துக் கண்ணில் கட்டிக்கொண்டு படுத்தவன், எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை. மணி இரண்டைத் தாண்டியிருக்கும்.

மறுநாள் வேலை முடிந்ததும் ஒரு தலையணைக் கடைக்குப் போனேன். என் கண்களைப் பார்த்தே கடைக்காரர் கண்டுபிடித்துவிட்டார். "தூக்கம் வரலைன்னு தலகாணி வாங்க வர்றவங்கதான் தம்பி இப்ப ஜாஸ்தி. தலகாணி என்ன பண்ணும், பாவம்? மொதல்ல லைட்டை அமத்தச் சொல்லுங்க" என்று சிரித்தபடியே ஒன்றைத் தட்டிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

கல்லூரி நண்பன் ஒருவனுக்கு பொட்டிபுரம் பக்கம்தான் ஊர். இப்போது கோவையில் வேலை. போனில் என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "ஊருக்கு ரயில் நாளைக்குத்தானே? எங்க பெரியம்மா வீட்டுக்குப் போ. பெரியப்பா ராத்திரி தோட்டத்துல படுப்பாரு. அவரோட போய்ப் படு. அங்க நீ தூங்கலைன்னா எங்கயும் தூங்க மாட்ட" என்றான்.

போடியிலிருந்து தேவாரம் போகும் சாலையில் சிலமலை, ராசிங்காபுரம் என்று வரிசையாக ஊர்கள். வலது கைப்பக்கம் மலை கூடவே வருகிறது. பங்குனி வெயிலில் மலை சாம்பல் நிறத்தில் இருந்தது. தென்னந்தோப்பு, மாந்தோப்பு, இடையிடையே இலை உதிர்த்துக் காயோடு மட்டும் நிற்கும் இலவ மரங்கள். 'இலவு காத்த கிளி' என்று பள்ளியில் படித்திருக்கிறேன். அந்த மரத்தை அடியில் நின்று நிமிர்ந்து பார்த்தது இப்போதுதான்.

பொட்டிபுரம் என்ற பெயரைக் கேட்டதும் உங்களுக்கு 'நியூட்ரினோ' ஞாபகம் வந்திருக்கும். ஊருக்கு மேற்கே நிற்கும் அம்பரப்பர் மலைக்குள் சுமார் 2 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் குடைந்து, 50,000 டன் இரும்பில் ஒரு கருவியை வைத்து நியூட்ரினோ துகள்களை ஆராயத் திட்டமிட்டார்கள். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. தண்ணீர், விவசாயம், காடு என்று மக்களுக்கு ஆயிரம் பயம். போராட்டம், வழக்கு என்று இழுத்து, புலிகள் நடமாடும் மலைப்பகுதி என்பதால் அனுமதிக்க முடியாது என்று 2022-ல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. திட்டம் சரியா, தவறா என்பது தனிக் கட்டுரை. எனக்கு வேறு ஒன்று சுவாரஸ்யமாகப் பட்டது. எத்தனையோ இடங்களைப் பார்த்துவிட்டு இந்த மலைக்கு ஏன் வந்தார்கள்?

வானத்திலிருந்து காஸ்மிக் கதிர்கள் ஓயாமல் மழைபோலப் பூமியில் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. அந்த மழைக்கு நடுவே நியூட்ரினோவைத் தேடுவது, கல்யாண மண்டப சீரியல் லைட்டுகளுக்கு நடுவே ஒரு மின்மினியைத் தேடுவதுபோல. எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டராவது கெட்டிப் பாறை இருந்தால்தான் அந்த மழையிலிருந்து ஒதுங்க முடியும். 1965-ல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் நியூட்ரினோவின் தடயத்தைப் பிடித்ததும் இதே வழியில்தான். ஆக, இந்த மலையின் உள்ளே இருக்கும் இருட்டுக்கு உலக அளவில் மதிப்பு உண்டு. மலைக்கு வெளியே, ஊருக்குள் இருக்கும் இருட்டுக்கு அப்படி யாரும் விலை பேசியதாகத் தெரியவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது மாலை ஐந்தரை இருக்கும். மேற்கே மலை இருப்பதால் இங்கே சூரியன் சீக்கிரமே மறைந்துவிடுகிறது. வானம் வெளிச்சமாக இருக்க, ஊர் மட்டும் நிழலுக்குள் போய்விட்டது. பெரியம்மா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. திண்ணையில் இருந்த அப்பத்தா, யார், எந்த ஊர், என்ன வேலை, கல்யாணம் ஆகிவிட்டதா என்ற நான்கு கேள்விகளையும் முடித்துவிட்டுத்தான் தண்ணீர் கொடுத்தார்.

ஆறேகாலுக்கு ஜீப் வந்தது. இந்தப் பக்கத்து ஊர்களில் ஜீப் என்றால் சுற்றுலா வண்டி இல்லை. தினமும் விடியும் முன்பே கூலித் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு, மலையேறி கேரள எல்லைக்குள் இருக்கும் ஏலத்தோட்டங்களுக்குப் போகிற வண்டி. பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று எங்கே வேலை இருக்கிறதோ அங்கே. பெரும்பாலும் பெண்கள். போடிமெட்டு சாலையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். காலையில் ஏறி, மாலையில் இறங்கி, மறுநாள் காலையில் மறுபடியும்.

பெரியம்மாவின் ஒரு நாள் இதுதான்: காலை 3.30-க்கு எழுந்து சோறு ஆக்கி, குழம்பு வைத்து, வீட்டில் இருப்பவர்களுக்கு எடுத்து வைத்து, தனக்குத் தூக்குவாளியில் கட்டிக்கொண்டு 4.45-க்கு ஜீப். திரும்பி வந்து தண்ணீர் பிடித்து, பாத்திரம் கழுவி, ராத்திரிச் சாப்பாடு. "முன்னல்லாம் எட்டரைக்குப் படுத்தா அடுத்த நிமிஷம் செத்த பொணம்தான். இப்ப கண்ணை மூடவே பத்தரை ஆகுது தம்பி" என்றார். எட்டரைக்குப் படுத்தால் ஏழு மணி நேரம். பத்தரைக்கு என்றால் ஐந்து. எழுந்திருக்கும் நேரம் அப்படியே இருக்கிறது. தூங்கப் போகும் நேரம் மட்டும் பின்னால் நகர்ந்துவிட்டது. அந்த இரண்டு மணி நேரத்தை அவர் வேறு எங்கிருந்தும் எடுக்க முடியாது.

எங்கே போயிற்று அந்த இரண்டு மணி நேரம்? பதில் வாசலுக்கு எதிரே எரிந்துகொண்டிருந்தது. கம்பத்தில் ஒரு வெள்ளை எல்.இ.டி. கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்ந்திருந்ததால் தெருவுக்குக் கிடைத்த அளவு வெளிச்சம் எதிர்வீட்டுச் சுவருக்கும், அடுத்த வீட்டு மாடிக்கும், வேப்பமரத்து உச்சிக்கும் கிடைத்தது. பங்குனி, சித்திரை வெக்கையில் வீட்டுக்குள் படுக்க முடியாது. வாசலில் கட்டில் போட்டுப் படுப்பதுதான் வழக்கம். கட்டில் கிடக்கும் இடத்தில் இப்போது விளக்கு வெளிச்சம். விளக்கைச் சுற்றி ஈசல்போலப் பூச்சிகள், கீழே அவற்றைப் பிடிக்கப் பல்லி, அதற்கும் கீழே இரவு பத்து மணிக்குக் கிரிக்கெட் ஆடும் பையன்கள்!

இதில் விளக்கை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. டி.வி சீரியல் இருக்கிறது, செல்போன் இருக்கிறது. என் தூக்கம் கெட்டதில் என் போனுக்குப் பாதிப் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போனை நானே கவிழ்த்து வைக்கலாம். தெருவிளக்கைக் கவிழ்த்து வைக்க முடியாது.

வெளிச்சத்துக்கும் தூக்கத்துக்கும் அப்படி என்ன பகை? நம் விழித்திரையில், பார்ப்பதற்கான செல்களைத் தவிர, 'இப்போது பகலா, இரவா' என்று மூளைக்குத் தகவல் சொல்வதற்கென்றே சில செல்கள் இருப்பது 2002-ல்தான் தெளிவாகத் தெரியவந்தது. நீலம் கலந்த வெளிச்சம் பட்டால் இவை உடனே விழித்துக்கொள்ளும். இருட்டியதும் மூளையில் உள்ள பீனியல் சுரப்பி 'மெலட்டோனின்' என்ற ஹார்மோனைச் சுரக்க ஆரம்பிக்கும். அதுதான் உடம்புக்குள் அடிக்கும் 'ராத்திரி ஆயிடுச்சு' மணி. கண்ணில் வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் அந்த மணி தாமதமாக அடிக்கும், மெதுவாக அடிக்கும். பளீரென்ற வெள்ளை எல்.இ.டி-யில் நீலப் பங்கு அதிகம். பழைய மஞ்சள் சோடியம் விளக்கில் அது மிகக் குறைவு. அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016-லேயே, தெருவிளக்குகளின் நிறம் 3,000 கெல்வினைத் தாண்டாமல், அதாவது மஞ்சள் சாயலோடு இருக்கட்டும் என்று சொன்னது. நம் வீட்டு 'கூல் டேலைட்' பல்பின் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் 6,500 என்று போட்டிருக்கும்.

அமெரிக்காவில் 19,000-க்கும் மேற்பட்டவர்களிடம் விசாரித்து 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், வெளி வெளிச்சம் அதிகமுள்ள பகுதிகளில் வசிப்பவர்கள் ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்குவது அதிகமாக இருந்தது. இது தொடர்புதான். விளக்குதான் காரணம் என்று அந்த ஆய்வு அடித்துச் சொல்லவில்லை. 2022-ல் இன்னொரு சோதனை. ஆரோக்கியமான 20 பேரில் ஒரு பாதியை 100 லக்ஸ் வெளிச்சத்தில் ஓர் இரவு தூங்க வைத்தார்கள். அவர்களுக்குத் தூக்கத்திலேயே இதயத் துடிப்பு கூடியது, மறுநாள் காலையில் இன்சுலின் வேலை செய்வதும் மந்தப்பட்டது. தெருவிளக்கு வெளிச்சம் 100 லக்ஸ் அளவுக்கு நம் கட்டிலில் விழாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பௌர்ணமி நிலவே 0.3 லக்ஸுக்கு மேல் போகாது என்பதை நினைத்தால், நம் உடம்பு எந்த அளவு இருட்டுக்குப் பழகியது என்பது புரியும்.

இதையெல்லாம் நான் திண்ணையில் உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருக்க, அந்த விளக்குக்கு நேர் கீழே அப்பத்தா குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். என் மானம் போயிற்று. ஆனால் இதற்கும் விடை உண்டு. மாலை வெளிச்சத்துக்கு மெலட்டோனின் எவ்வளவு குறைகிறது என்பதில் ஆளுக்கு ஆள் 50 மடங்குக்கு மேல் வித்தியாசம் இருப்பதாக 2019-ல் ஓர் ஆய்வு சொன்னது. வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் பழுப்பேறி, நீல வெளிச்சத்தை உள்ளே விடுவதும் குறைகிறது. அதனால்தான் 'எனக்கு ஒண்ணும் பண்ணலையே' என்று ஒருவர் சொல்வதும் உண்மை, பக்கத்துக் கட்டிலில் இன்னொருவர் புரண்டுகொண்டிருப்பதும் உண்மை.

"அப்போ இந்த விளக்கைப் பத்தி எழுதுறேன் பெரியம்மா" என்றேன். சட்டென்று நிமிர்ந்தார். "ஏய் தம்பி, லைட்ட எடுக்கச் சொல்லி மட்டும் எழுதிராத. இது வர்றதுக்கு நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்."

அவர் சொன்ன காரணங்கள் எதையும் என்னால் மறுக்க முடியவில்லை. மலையடிவாரம். காட்டுப்பன்றி வரும். கண்ணாடி விரியன் உண்டு. ராத்திரி அவசரத்துக்கு வெளியே போகும் பெண்கள், விடியும் முன்பே ஜீப்புக்கு நடக்கும் பெண்கள். இருட்டு அழகானது என்று எழுதுவதற்கு, டார்ச்சும் திரும்பிப்போக ரயில் டிக்கெட்டும் கையில் இருக்க வேண்டும். எனக்கு இரண்டும் இருந்தன.

அப்போதுதான் அவரிடம் பொத்தகுடி கதையைச் சொன்னேன். சிவகங்கை மாவட்டத்தில் ஒரு சின்ன கிராமம். 2020-ல், ஊரின் தெருவிளக்குகளுக்கான சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு குருவி கூடு கட்டி முட்டை வைத்துவிட்டது. சுவிட்சைத் தொட்டால் கூடு கலையும். ஊரே பேசி முடிவெடுத்து, குஞ்சுகள் பறக்கும் வரை சுமார் 40 நாள் தெருவிளக்கே போடாமல் இருந்தார்கள். நாடு முழுக்கப் பாராட்டிய செய்தி அது. பெரியம்மா உச்சுக்கொட்டவில்லை. "நாப்பது நாளா? பொம்பளைக எப்படிப் போயிட்டு வந்தாக?" என்று கேட்டார். டார்ச் அடித்துச் சமாளித்தார்கள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "குருவிக்கு மனசு வருதுல்ல... எங்களுக்கு லைட்டு வேணாம்னு இல்ல. என் மூஞ்சில அடிக்காம ரோட்டுல அடிச்சாப் போதும்."

இதற்கு மேல் ஒரு பொறியாளர் என்ன சொல்லிவிடப் போகிறார்! விளக்கின் மூஞ்சியைக் கீழே திருப்புவது, பக்கவாட்டில் ஒரு தகட்டு மூடி, மஞ்சள் சாயல் பல்பு, நடுச்சாமத்தில் வெளிச்சத்தைக் குறைத்து, ஜீப் வரும் நேரத்தில் கூட்டுவது. எதுவும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில் பெரிய தொலைநோக்கிகள் இருக்கின்றன. அங்கே வானம் இருட்டாக இருக்க வேண்டும் என்பதற்காக 2022-ல் சுற்றுவட்டாரத்தையே இருண்ட வான் காப்பகமாக அறிவித்தார்கள். ஜன்னல்களுக்குக் கனமான திரை, விளக்குகளுக்கு மூடி என்று அந்தக் கிராமங்களில் ஏற்பாடுகள் நடந்தன. நம் கொல்லிமலையிலும் இருண்ட வான் பூங்கா அமைக்க தமிழ்நாடு அரசு அறிவித்திருக்கிறது. நட்சத்திரம் பார்க்க மூடி போட முடிகிற விளக்குக்கு, தூங்குவதற்காகவும் போடலாம். பிரான்ஸில் கடை கண்ணாடி விளக்குகளை நள்ளிரவு ஒரு மணிக்குள் அணைத்துவிட வேண்டும் என்று விதியே இருக்கிறது. என் லாட்ஜுக்கு எதிரே இருந்த பலகையை நினைத்துக்கொண்டேன்.

எட்டரை மணிக்குப் பெரியப்பாவோடு தோட்டத்துக்குக் கிளம்பினேன். ஊரிலிருந்து அரைக் கிலோமீட்டர். தென்னைகளைத் தாண்டியதும் கண் தெரியவில்லை. "லைட்டைப் பார்த்துட்டு வந்த கண்ணு. கால் மணி நேரம் பொறு" என்றார் பெரியப்பா. மோட்டார் ரூம் பக்கத்தில் இரண்டு கயிற்றுக் கட்டில். கால் மணி நேரம் என்று அவர் சொன்னது சரிதான். முதலில் மலையின் விளிம்பு தெரிந்தது. அடுத்து, கட்டில் கால். அதற்கப்புறம் வானம். அமாவாசைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. மலைக்கு மேலே ஓரியன் நட்சத்திரக் கூட்டம் சாய்ந்து நின்றது. நடுவில் வரிசையாக மூன்று, அதற்குக் கீழே புகைபோல ஒன்று. சென்னையில் அந்த மூன்றை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

போடிப் பக்கம் வானம் வெளுத்திருந்தது. "முன்ன அது அவ்வளவு இல்ல. நிலா வரப்போகுதுன்னு நினைச்சு ஏமாந்துருக்கேன்" என்றார். உலகம் முழுக்க மக்கள் எண்ணி அனுப்பிய நட்சத்திரக் கணக்கை வைத்து, 2011-க்கும் 2022-க்கும் இடையே இரவு வானம் ஆண்டுக்குச் சுமார் 10 சதவிகிதம் வெளுத்துக்கொண்டே போவதாக ஒரு கணக்கு இருக்கிறது. அதைச் சொல்லலாம் என்று திரும்பினேன். அவர் தூங்கிவிட்டார்.

போனில் சிக்னல் இல்லை. போடியில் வாங்கிய தலையணையில் தலையை வைத்தேன். பஞ்சு சரசரத்தது. எங்கேயோ ஒரு நாய் குரைத்தது. அவ்வளவுதான் ஞாபகம்.

"தம்பி, ஜீப்பு பார்க்கணும்னு சொன்னியே" என்று பெரியப்பா உலுக்கியபோது மணி 4.20. தெற்கே விருச்சிகம் தேள் கொடுக்கோடு முழுசாகத் தெரிந்தது. ஏழு மணி நேரம் தூங்கியிருக்கிறேன்!

ஊருக்குள் வந்தோம். இரவில் நான் திட்டிய அதே விளக்கு. அதன் கீழே ஒன்பது பெண்கள், தலைக்குத் துண்டு, கையில் தூக்குவாளி. ஒருத்தி வெளிச்சத்தில் பொட்டு சரிசெய்தாள். இன்னொருத்தி செருப்பைத் தட்டிப் பார்த்து மாட்டினாள். இந்த நேரத்தில் அந்த விளக்கு இல்லாமல் இருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தேன். ஜீப் வந்தது. பெரியம்மா ஓரமாக உட்கார்ந்து, வண்டி நகர்வதற்குள் கம்பியில் தலை சாய்த்துக் கண்ணை மூடிவிட்டார். "மெட்டு ஏர்றதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டுருவா" என்றார் பெரியப்பா. மலைப்பாதை வளைவுகளில் ஜீப் எப்படிக் குலுங்கும் என்று எனக்குத் தெரியும். அதில் என்ன தூக்கம்?

நான் போடி பஸ்ஸுக்காக நின்றபோது மணி ஏழு. வெயில் வந்துவிட்டது. விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பால் வாங்கப் போன ஒரு பையன், கம்பத்தில் இருந்த சுவிட்ச் பெட்டியை எட்டித் திறந்து அணைத்துவிட்டுப் போனான். போன வேகத்தில் மூடியைச் சாத்தவில்லை. எட்டிப் பார்த்தேன். உள்ளே கூடு எதுவும் இல்லை.